மார்க் வரிசையில் கட்டிய விடைத்தாள்கள்

என் நாத்தனார் தன் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தைக் கொண்டுவந்து கொடுத்தது ஒரு திங்கட்கிழமை மதியம். எழுத்துப்பிழை மட்டும் பார்க்கச் சொன்னாள். ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்குப் பதினெட்டு ஆண்டுகள் செய்தி திருத்தியவள் நான். வேலையை விட்ட பிறகும் குடும்பத்தில் யார் எதை அச்சுக்குக் கொடுத்தாலும் அது என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் போகும். ஞானஸ்நான அழைப்பிதழ், பங்கு ஆலய நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம். இதுவும் அந்த வகையில் ஒன்று என்றுதான் வாங்கி வைத்தேன்.

அவள் என் கணவரின் தங்கை. திண்டுக்கல்லில் ஓர் உதவிபெறும் பள்ளியில் தமிழ் ஆசிரியை. இரண்டு ஆண்டு விடுப்பு எடுத்து எம்.எட். படித்துக்கொண்டிருந்தாள். ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. தவறினால் அடுத்த ஆண்டு மாணவிகளோடுதான் நேர்முகம் என்கிற வாய்மொழித் தேர்வுக்குப் போக வேண்டும். விடுப்பு ஜூனில் முடிகிறது. இன்னொரு முறை விடுப்பு கிடைக்காது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஆகவே அவளைப் பொறுத்தவரை அடுத்த ஆண்டு என்று ஒன்று இல்லை.

“வேற ஒண்ணும் பாக்க வேணாம் மதினி. எங்க கைடு சார் பாத்து சரின்னுட்டாரு. ஒற்று மட்டும் பாருங்க” என்றாள்.

ஆய்வு எளிமையானது. வடமதுரைப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். ஆறு வாரம், தினமும் ஒரு பாடவேளை, ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று ஒரு பத்தியை உரக்க வாசிக்க வேண்டும். இதைத் தொடங்கும் முன் ஒரு தேர்வு, முடித்த பின் ஒரு தேர்வு. ஒரு கதையைப் படித்துவிட்டுக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஐம்பது மதிப்பெண். விடைத்தாளில் பெயர் எழுதக் கூடாது என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். உரக்க வாசித்ததால் பிள்ளைகளின் புரிதல் கூடியதா என்பதுதான் கேள்வி.

கூடியது என்றது அத்தியாயம். சராசரி இரண்டு மதிப்பெண் உயர்ந்திருந்தது. அந்த உயர்வு எவ்வளவு உறுதியானது என்று காட்டும் டி மதிப்பு பத்து. அதற்கு அடுத்த கட்டத்தில் 0.000 என்று இருந்தது. அதை விளக்கும் வாக்கியம், இந்த உயர்வு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பே இல்லை என்றது.

நான் ஒற்று பார்த்துக்கொண்டு வந்தவள் அங்கே நின்றேன். செய்தி மேசையில் பூஜ்யம் என்று யார் எழுதிக் கொடுத்தாலும் ஒருமுறை போன் போட்டுக் கேட்போம். முழுப் பூஜ்யம் ஊரில் அபூர்வமாகத்தான் நடக்கும். அவளிடம் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டாள். மென்பொருள் மூன்று தசம இடம்தான் காட்டும், அதற்கும் கீழே போனால் பூஜ்யமாகத் தெரியும், 0.001-ஐ விடக் குறைவு என்று எழுதுவதுதான் முறை. வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவசரத்தில் அப்படியே ஒட்டிவிட்டாள். வாக்கியத்தில் இருந்த ‘வாய்ப்பே இல்லை’யை ‘வாய்ப்பு மிகக் குறைவு’ என்று மாற்றினோம். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் எதையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் என்னால் கீழே வைக்க முடியாது. மென்பொருள் தந்த அசல் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். மடிக்கணினியைத் திறந்தாள். மூன்று அட்டவணைகள் இருந்தன. அத்தியாயத்தில் இரண்டுதான் இருந்தன. நடுவில் இருந்ததைக் காணோம்.

“அத யாரும் போடுறதில்ல மதினி. மொதலும் கடைசியும்தான் ஒட்டுவோம். நடுவுல உள்ளது ஒட்டுறவு. கேள்வியே அது இல்லையே.”

ஒட்டுறவு 0.98 என்று இருந்தது. என்ன பொருள் என்று கேட்டேன். வகுப்பெடுக்கிற குரலில் சொன்னாள். முதல் தேர்வில் மேலே இருந்த பிள்ளை இரண்டாவது தேர்விலும் மேலே இருக்கிறதா, கீழே இருந்தது கீழேயே இருக்கிறதா என்று அது காட்டும். முழுவதும் அப்படியே இருந்தால் ஒன்று.

“அப்ப ஆறு வாரத்துல ஒரு பிள்ளகூட எடம் மாறலையா?”

மதிப்பெண்கள் தட்டச்சு செய்திருந்த பக்கத்தை நானே கேட்டு வாங்கித் திறந்தேன். முதல் வரிசை 44, 43, 43, 41 என்று இறங்கியது. பக்கத்து வரிசை 47, 45, 44, 43. இரண்டும் கீழே வரைக்கும் படிக்கட்டாக இறங்கின. முப்பத்தாறு வரியில் ஓரிடத்திலும் ஏறவில்லை.

“இது ஏன் எறங்கிக்கிட்டே வருது?”

“மார்க் லிஸ்ட்னா அப்படித்தான இருக்கும்” என்றாள். சொன்ன பிறகு திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். வெளியே பழனி போகிற பேருந்து ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு திரும்பியது. அதன் சத்தம் அடங்குவதற்குள் அவள் எழுந்து விடைத்தாள் கட்டுகளை எடுத்துவந்தாள்.

வெளியாருக்கு இதில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் திருத்திய விடைத்தாளை அப்படியே கொடுக்க மாட்டார்கள். கூடுதல் மார்க் மேலே, குறைந்த மார்க் கீழே என்று அடுக்கி, மேல் மூலையில் சிவப்பு மையில் ஒன்று இரண்டு என்று எண் போட்டு, சணலால் கட்டித்தான் தலைமையாசிரியர் மேசையில் வைப்பார்கள். அடுக்காத கட்டு சோம்பேறித்தனத்தின் அடையாளம். என் நாத்தனாரும் பதினோரு ஆண்டுகளாக அப்படித்தான் கட்டிக் கொடுத்துவந்தாள். வடமதுரைப் பள்ளியில் தேர்வை நடத்தித் திருத்திக் கொடுத்தவர் அந்த வகுப்பின் ஆசிரியை. அவர் இரண்டு கட்டுகளிலும் சிவப்பு எண் போட்டிருந்தார். பெயர் இல்லாத தாளில் இருந்த ஒரே அடையாளம் அதுதான். அதைப் பிள்ளையின் எண் என்று எடுத்துக்கொண்டு, முதல் கட்டின் ஒன்றாம் தாளுக்கு எதிரே இரண்டாம் கட்டின் ஒன்றாம் தாளை இவள் ஏற்றியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த ஆசிரியைக்கு என் எதிரில் இருந்தே போன் செய்தாள். நம்பர் போட்டது பிள்ளைக்கா, தாளுக்கா என்று ஒரே கேள்வி. தாளுக்குத்தான் என்று பதில் வந்தது.

சோதனையைத் தேர்ந்தெடுத்ததில் அவள் தவறு செய்யவில்லை. அவளுடைய நோட்டில் அம்புக்குறிகளோடு ஒரு படம் இருந்தது. ஒப்பிடுவது இரண்டு சராசரிகளா, ஆம். ஒரே ஆட்களா, வேறு வேறு ஆட்களா? ஒரே ஆட்கள் என்றால் இணைத்த டி-டெஸ்ட். மாணவிகள் அத்தனை பேரும் பயப்படுகிற அந்தத் திருப்பத்தில் அவள் சரியாகவே திரும்பியிருந்தாள். இணைத்த டி-டெஸ்ட் ஒவ்வொரு பிள்ளையையும் அதே பிள்ளையோடு கழித்துப் பார்க்கும். ஆனால் எதிரெதிரே இருப்பது ஒரே பிள்ளைதானா என்று மென்பொருள் கேட்பதில்லை. இரண்டாம் கட்டின் முதல் மார்க் தாளிலிருந்து முதல் கட்டின் முதல் மார்க் தாளைக் கழித்தது. கடைசித் தாளிலிருந்து கடைசித் தாளை. ஒவ்வொரு வரியிலும் ஒன்று முதல் நான்கு வரை கூடியிருந்தது. ஒரு பிள்ளையும் குறையவில்லை. இத்தனை ஒழுங்காக முன்னேறிய வகுப்பு எந்த ஊரிலும் இருக்காது. நெறியாளர் அதைப் பார்த்துப் பாராட்டியிருந்தார்.

அன்றைக்கு முழுக்க அவள் என்னென்னவோ முயன்றாள். இரண்டு கட்டுகளையும் வேறு வேறு ஆட்களாக வைத்து இன்னொரு டி-டெஸ்ட் போட்டாள். வேறுபாடு குறிப்பிடத்தக்கதல்ல என்று வந்தது. ஆனால் அவர்கள் வேறு ஆட்கள் இல்லையே என்று அவளே அதை அழித்தாள். சாயந்திரம் என்னிடம் கேட்டாள்:

“இப்படியே குடுத்தா யாருக்கு மதினி தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும்.”

“நீங்க பேப்பர்ல பொய்யே போட்டதில்லையாக்கும்.”

“போட்டுருக்கோம். தெரியாமப் போட்டோம். மறுநாள் திருத்தம் போட்டோம்.”

அவளுக்கு என் மேல் கோபம் வந்தது. எழுந்து போய் விடைத்தாள் கட்டுகளைப் பிரித்து மேசையில் பரப்பினாள். தூக்கி எறியப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். செத்த நேரம் கழித்து இரண்டு தாள்களை என் பக்கம் தள்ளினாள். இரண்டிலும் ‘ழ’ ஒரே மாதிரி இருந்தது. அடியில் வரும் சுழி முடியாமல் நீண்டு அடுத்த வரியைத் தொட்டது. ஒன்று முதல் கட்டிலிருந்து எடுத்தது. இன்னொன்று இரண்டாவது கட்டிலிருந்து. சிவப்பு எண்கள் 5, 22.

புதன்கிழமை பள்ளி விடுகிற நேரத்துக்கு வடமதுரை போனோம். திருச்சி சாலையில் வெயில் இறங்கவே இல்லை. அந்த ஆசிரியை எங்களுக்காக வகுப்பறையிலேயே காத்திருந்தார். ஐம்பது வயதை நெருங்கியவர். பிழை எங்கே என்று நாங்கள் விளக்கியதும் அவர் முகம் சுருங்கியது.

“அடுக்கிக் குடுத்தது ஒரு குத்தமாப் போச்சாக்கும். எங்க எச்.எம். கலைஞ்ச கட்டக் கையாலயும் தொட மாட்டாரு. நீங்க கலைச்சுக் குடுன்னு சொல்லியிருந்தா கலைச்சே குடுத்திருப்பேன்ல.”

அவர் மேல் குற்றம் இல்லை என்று என் நாத்தனார் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டியது அவள்தான். எண் போடச் சொல்லி ஆளுக்கொரு அட்டை கொடுத்திருக்க வேண்டும். அவர் சமாதானமாகவில்லை. ஆனாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கையெழுத்தை வைத்து ஜோடி சேர்க்க முடியுமா என்பதுதான் எங்கள் வேண்டுகோள். பெயர் சொல்ல வேண்டாம், ஜோடித் தாள்கள் இரண்டின் பின்பக்கமும் ஒரே எழுத்தைக் குறித்தால் போதும் என்றோம்.

“பேரா? நீங்க பேரு கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஆனா இதுகள நான் இருட்டுலகூடக் கண்டுபிடிப்பேன்” என்றார்.

சீட்டு போடுகிற வேகத்தில் தாள்கள் விழுந்தன. ஒன்றில் வரி மேல்நோக்கிப் போகும். ஒன்றில் புள்ளி வட்டமாக இருக்கும். ஒன்று ஒற்றெழுத்துக்குப் புள்ளியே வைக்காது. பத்துப் பன்னிரண்டு ஜோடி வரை அவர் பேசிக்கொண்டே சேர்த்தார். இதுகிட்டப் பேனா எப்பவும் லீக் அடிக்கும், இது அழிச்சு அழிச்சுத் தாளைக் கிழிக்கும் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. ஜோடி சேர்ந்ததும் சிவப்பு எண்களைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். 3-ஆம் தாளுக்கு ஜோடி 29. 8-க்கு 31. 30-க்கு 6. அவர் கைப்பட எழுதிய எண்கள்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். நான் நின்றிருந்த இடத்திலிருந்து தாள்கள் முழுவதும் தெரிந்தன. உயர்ந்தவை உயர்ந்திருந்தன, சில எங்கள் கணக்கைவிட அதிகமாக. ஆனால் அந்த அட்டவணையில் ஒருவர்கூட இறங்காத இடத்தில், தரையில் பதினொரு ஜோடிகள் இறங்கியிருந்தன. ஒரு மதிப்பெண் இரண்டு மதிப்பெண் இல்லை. ஒரு பிள்ளை பதினைந்து மதிப்பெண் இழந்திருந்தது. வகுப்பறையில் முப்பத்தாறு பேரின் தாளும் அவரவர் இடத்தில் இருந்தன, நாங்கள் அச்சுக்குக் கொடுக்க வைத்திருந்த வகுப்பு அங்கே எங்கும் இல்லை.

ஆசிரியை 3-ஐயும் 29-ஐயும் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“இந்தப் பிள்ள நல்லாப் படிக்கும். மனசுக்குள்ள. எந்திரிச்சு வாசின்னா எந்திரிக்காது. வயிறு வலிக்குதும்பா. ஆறு வாரமும் வலிச்சுச்சு. நானும் வாசி வாசின்னேன்.”

காரணம் அதுதான் என்று எங்களால் சொல்ல முடியாது. முதல் முறை உச்சத்தில் இருந்தவர்கள் இரண்டாம் முறை சற்று இறங்குவது தானாகவும் நடக்கும் என்று என் நாத்தனாரின் புத்தகத்தில் எழுதியிருந்தது. அதை அவள் ஆசிரியையிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். ஆனால் அந்த இரண்டு தாளையும் கடைசி வரை கீழே வைக்கவில்லை. இரண்டு ஜோடிகளில் அவருக்கே சந்தேகம் இருந்தது. இரண்டு பிள்ளைகளின் எழுத்தும் ஒன்றுபோல இருக்கிறது, ஊகித்துச் சொல்ல மாட்டேன் என்றார்.

வியாழக்கிழமை புதிய வரிசையில் மதிப்பெண்களை ஏற்றினோம். நான் வாசிக்க, அவள் தட்டினாள். அதே மென்பொருள், அதே சோதனை, அதே எழுபத்திரண்டு மதிப்பெண்கள். சராசரி துளியும் மாறவில்லை. அதே இரண்டு மதிப்பெண் உயர்வு. ஒட்டுறவு 0.98 இருந்த இடத்தில் 0.35. டி மதிப்பு பத்திலிருந்து 1.71. பூஜ்யம் இருந்த கட்டத்தில் 0.096. வழக்கமான எல்லை 0.05, அதற்குக் கீழே வந்தால்தான் உயர்வை ஏற்பார்கள். வேறுபாடு குறிப்பிடத்தக்கதல்ல. சந்தேகமான இரண்டு ஜோடிகளையும் நீக்கிப் போட்டுப் பார்த்தோம். முடிவு மாறவில்லை.

நான் எத்தனையோ திருத்தங்கள் பார்த்திருக்கிறேன். ஒரு பெயர் மாறும், ஓர் ஊர் மாறும். ஓர் எண்ணைக்கூட மாற்றாமல், யாருக்கு எதிரே யார் என்பதை மட்டும் மாற்றியதில் செய்தியே தலைகீழானதை அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு அச்சுப் பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அன்று பகல் முழுவதும் அத்தியாயத்தைத் திருப்பி எழுதினாள். விடைத்தாள்கள் முதலில் எப்படி இணைக்கப்பட்டன, பிழை எப்படித் தெரிந்தது, கையெழுத்தைக் கொண்டு எப்படி மறுபடி இணைக்கப்பட்டன, எத்தனை ஜோடி ஐயத்துக்குரியவை என்று எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் வைத்தாள். டி மதிப்பு, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் என்கிற சுதந்திரப் படிகள், 0.096 என்று முழு எண்ணோடு எழுதினாள். பதினொரு பிள்ளைகள் இறங்கினார்கள் என்பதற்குத் தனிப் பத்தி. நடுவில் விடுபட்ட அட்டவணையையும் சேர்த்தாள். ஒற்று நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நெறியாளரின் அறையில் இருந்தோம். கல்லூரி ஊருக்கு வெளியே. அவர் அறை ஜன்னலில் மலைக்கோட்டையின் ஒரு விளிம்பு தெரியும். ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருக்கும் மனிதர். முதலில் அவர் கோபித்துக்கொண்டார். கையெழுத்துப் போடுவதற்கு வந்தவள் புது முடிவோடு வந்திருக்கிறாள். கருதுகோள் ஏற்கப்பட்டது என்று முன்னுரையிலிருந்து முடிவுரை வரை எழுதியாயிற்று. கடைசி நாளில் இது என்ன வேலை. நேர்முகத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர் முகம் சுளித்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். என் நாத்தனார் நின்றுகொண்டே கேட்டாள். கடைசியில் இதை மட்டும் சொன்னாள்:

“நான் பதில் சொல்றேன் சார். நீங்க கையெழுத்துப் போடலன்னா இந்தப் படிப்பே போனாலும் போகட்டும். பழசக் குடுக்க மாட்டேன்.”

அவர் புதிய பக்கங்களை வாசித்தார். விடைத்தாள் கட்டைப் பற்றிய பக்கத்துக்கு வந்ததும் அவர் விரல் வரிமேல் நின்றது. மறுபடி மேலே போய் அதே பத்தியை வாசித்தார். பிறகு எழுந்து பின்னால் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். முன்பு அவர் வழிகாட்டிய ஆய்வேடுகள் நீல அட்டையில் வரிசையாக இருந்தன. ஒன்றை உருவினார். பின்னிணைப்பில் மாணவர் மதிப்பெண்கள் இருந்த பக்கத்தைத் திறந்து, அதைத் தன் முன்னே பிடிக்காமல் என்னிடம் நீட்டினார்.

இரண்டு வரிசை. இரண்டும் மேலிருந்து கீழே இறங்கின.

இன்னொன்றை எடுத்தார். அதில் எண்கள் கலைந்துதான் இருந்தன. அவர் மூச்சு விட்டது கேட்டது. மூன்றாவதில் மறுபடி படிக்கட்டு. அதன் தொடக்கத்தில், சான்றிதழ் பக்கத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது.

“எல்லாம் டீச்சருங்க. எல்லாரும் அடுக்கித்தான் கட்டுவாங்க” என்றார், எங்களிடம் இல்லை.

மணி இரண்டைத் தாண்டியபோது அவர் பேனாவைத் திறந்து என் நாத்தனாரின் ஆய்வேட்டுக்கான மூன்று சான்றிதழ் பக்கங்களிலும் கையெழுத்திட்டார். முன்னுரையிலும் முடிவுரையிலும் மாற்ற வேண்டிய வரிகளை மாற்றி, கல்லூரி வாசலில் அச்செடுத்துக் கட்டி, மூன்றே முக்காலுக்கு அலுவலகத்தில் கொடுத்தோம். எழுத்தர் தேதி முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். அவள் அந்த ரசீதை இரண்டு தடவை வாசித்தாள்.

நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று நெறியாளரின் அறைக்குத் திரும்பினோம். கதவு திறந்திருந்தது. மேசை, இரண்டு நாற்காலிகள், தரை, எல்லா இடத்திலும் நீல அட்டைகள் பின்னிணைப்புப் பக்கத்தில் விரிந்து கிடந்தன. அவர் நடுவில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும், “இதுவரைக்கும் ஏழு” என்றார். அலமாரியின் கீழ்த்தட்டை அவர் இன்னும் தொட்டிருக்கவில்லை.